பிரிவது வளர்ச்சியே!

("குழுவை விட்டு ஒரு கலைஞன் தனியே பிரிவது வளர்ச்சியா? நன்றிமறதியா?" என்ற தலைப்பில் மறைமலை நகரில் நடந்த பொங்கல் சிறப்புப் பட்டிமன்றத்தில், 'வளர்ச்சியே' அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! என் அணித் தலைவர் அவர்களே! எதிரே நன்றியோடு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! பொங்கல் வேலையை எல்லாம் சீக்கிரம் முடித்துவிட்டு, மருமகள்களை அடுப்படியிலேயே விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் இடம் பிடித்திருக்கும் மாமியார்களே! (சிரிப்பு) பின்வரிசையில் நிற்கும் மருமகள்களே! 

எதிரணியை 'நன்றியோடு'ன்னு ஏன் சொன்னேன்? எனக்கு முன்னாடி பேசிட்டுப் போன அண்ணன், தன் பேச்சுல பதினோரு தடவை 'நன்றி'ன்னு சொன்னாரு. நான் விரல் விட்டு எண்ணிக்கிட்டே இருந்தேன். ஆனா நடுவுல மைக் கரகரன்னு கத்துச்சே, ஒரு தம்பி ஓடிவந்து சரிபண்ணிக் கொடுத்தானே, அவனை அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கலை! (சிரிப்பு, கைதட்டல்) தம்பி, எங்க இருந்தாலும் சரி, எங்க அணி சார்பா உனக்கு நன்றி. (பலத்த கைதட்டல்)

நடுவர்: அம்மா, ஆரம்பத்திலேயே வோல்டேஜ் அதிகமா இருக்கு. மைக் மறுபடியும் போயிடப் போகுது. (சிரிப்பு)

போனா தம்பி இருக்கான் ஐயா. சரி, விஷயத்துக்கு வரேன்.

அண்ணன் வள்ளுவரைத் துணைக்குக் கூப்பிட்டாரு. 'செய்ந்நன்றி அறிதல்'னு ஒரு அதிகாரமே இருக்கு, அது உங்களுக்குத் தெரியாதான்னு கேட்டாரு. தெரியும் அண்ணே. அது பதினோராவது அதிகாரம். ஆனா திருக்குறள் பதினோராவது அதிகாரத்தோட முடிஞ்சுடலையே! புரட்டிக்கிட்டே வந்தா அறுபதாவது அதிகாரம் வரும். அதுக்குப் பேரு 'ஊக்கமுடைமை'. அண்ணன் அதுக்குள்ள தூங்கிட்டாரு போல! (சிரிப்பு) ஒருத்தனுக்கு நன்றியும் வேணும், ஊக்கமும் வேணும். பதினொன்றை மனப்பாடம் பண்ணினவன் அறுபதைப் படிக்கக் கூடாதுன்னு வள்ளுவர் எங்கேயும் எழுதி வைக்கலை.

அடுத்து, நாம எந்த ஊர்ல நின்னு பேசுறோம்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மறைமலை நகர். யாரு அந்த மறைமலை? 1876-ல் பிறந்தவர். பெற்றோர் வைச்ச பேரு வேதாசலம். 1898-லேருந்து சென்னை கிறித்தவக் கல்லூரியில தமிழாசிரியர். கல்லூரி அப்போ ஜார்ஜ் டவுன்ல இருந்துச்சு, தாம்பரத்துக்கு 1937-லதான் வந்துச்சு. நல்ல கல்லூரி, மாதச் சம்பளம், ஊர் மரியாதை. அதையெல்லாம் 1911-ல் விட்டுட்டு வெளியே வந்தாரு. பல்லாவரத்துல போய் உட்கார்ந்தாரு. 1916-ல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கினாரு. வேதம்ங்கிறதை 'மறை' ஆக்கினாரு, அசலம்ங்கிறதை 'மலை' ஆக்கினாரு, மறைமலை அடிகள் ஆனாரு. அந்தப் பெரியவர் 'கல்லூரிக்கு நான் நன்றியோட இருக்கணும்'னு கடைசி வரைக்கும் அங்கேயே வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்திருந்தா, இந்த ஊருக்கு இன்னைக்கு யார் பேரை வச்சிருப்பீங்க? (கைதட்டல்) ஆக, ஊர்ப் பேரே எங்க அணிக்கு ஓட்டுப் போட்டாச்சு!

இன்னைக்கு நாம எடுத்துக்கிட்ட கலைஞன் யாருன்னா, சொல்லிசைக் கலைஞன். 'ராப்'னு சொல்லலாம்தான். ஆனா தனித்தமிழ் அடிகள் பேர்ல இருக்கிற ஊர்ல ராப், ராப்னு சொன்னா அவர் ஆவி வந்து என் மைக்கைப் பிடுங்கிடும். (சிரிப்பு) அதனால ஒரு தடவை சொல்லிசைன்னு சொல்லிட்டேன். இனிமே ரெண்டும் வரும், பொறுத்துக்குங்க.

பெரியவங்க சில பேர், 'அது என்னம்மா, மூச்சு விடாம பேசிக்கிட்டே போறானே, அது பாட்டா?'ன்னு கேக்குறாங்க. மூச்சு விடாம பேசுறது உங்களுக்குப் புதுசா? ரேஷன் கடை வரிசையில நின்னு பார்த்ததில்லையா? (சிரிப்பு) நம்ம ஊர்ல லாவணி இருக்கு. ஒருத்தர் கேள்வி போடுவாரு, இன்னொருத்தர் எதிர்ப்பாட்டு பாடுவாரு. வயக்காட்டுல எசப்பாட்டு இருக்கு. வடசென்னையில கானா இருக்கு. அந்த மாதிரி அமெரிக்காவுல, நியூயார்க் நகரத்துல பிராங்க்ஸ்னு ஒரு ஏழைப்பட்ட பகுதி. 1973 ஆகஸ்ட் 11-ந் தேதி, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புல நடந்த விருந்துல கூல் ஹெர்க்ங்கிற இளைஞர் ரெண்டு இசைத்தட்டை வச்சுத் தாளத்தை நீட்டி நீட்டிப் போட்டாரு. ஹிப்ஹாப் பிறந்த நாளா உலகம் அதைத்தான் சொல்லுது. தாளத்து மேல வார்த்தையை அடுக்குறதுதான் ராப். செலவில்லாத கலை. வீணை வேண்டாம், வயலின் வேண்டாம். நாக்கும் நோட்டும் போதும்.

இது பெரும்பாலும் குழுவாத்தான் தொடங்கும். தனியா தெரு முனையில நின்னு மூச்சு விடாம பேசினா 108-க்கு போன் பண்ணிடுவாங்க! (பலத்த சிரிப்பு) நாலு பேர் நின்னாத்தான் அது கச்சேரி. அதனால குழு வேண்டாம்னு நாங்க சொல்லவே இல்லை. குழு ஒரு தொட்டில். தொட்டில் எவ்வளவு நல்ல தொட்டிலா இருந்தாலும், பையனுக்கு மீசை முளைச்ச பிறகும் அதுலேயே படுன்னு சொன்னா எப்படி? காலும் வலிக்கும், தொட்டிலும் கிழியும். (கைதட்டல்)

முதல் சாட்சி, மலேசியாவிலிருந்து வர்றாரு. கோலாலம்பூர்ல 'பொயட்டிக் அம்மோ'ன்னு ஒரு குழு. அதுல ஒருத்தர் யோகி பி. நம்ம தமிழ்ப் பிள்ளை. 1998-ல் அவங்க முதல் ஆல்பம் வந்துச்சு. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ்னு நாலு மொழியிலும் ராப் பாடுன குழு. பேரும் புகழும் வந்துச்சு. ஆனா கணக்குப் பாருங்க. நாலு மொழிக்காரங்க சாப்பிடுற பந்தியில தமிழுக்கு ஒரு இலைதான் விழும். பிறகு யோகி பி என்ன பண்ணினாரு? டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ்னு ரெண்டு தம்பிங்களைச் சேர்த்துக்கிட்டு, 'யோகி பி அண்ட் நட்சத்திரா'ன்னு தன் பேரை முன்னால போட்டு, 2006-ல் 'வல்லவன்'னு ஆல்பம் போட்டாரு. முழுக்கத் தமிழ் ராப்! அது கடல் கடந்து இங்கே வந்துச்சு. 2007-ல் 'பொல்லாதவன்' படத்துல அவர் குரல் கேட்டுச்சு, 2011-ல் 'ஆடுகளம்' படத்துல கேட்டுச்சு, 2018-ல் 'காலா' வரைக்கும் வந்துச்சு.

எதிரணி அண்ணன்மாரே, ஒண்ணு கேக்குறேன். அவர் பழைய குழுவிலேயே நாலுல ஒரு இலையோட நன்றியா உட்கார்ந்திருந்தா, தமிழுக்கு முழுப்பந்தி எப்போ கிடைச்சிருக்கும்? அவர் பிரிஞ்சது அவருக்கு மட்டும் வளர்ச்சி இல்லை. மொழிக்கே வளர்ச்சி! (கைதட்டல்)

நடுவர்: அப்போ நட்சத்திராவும் ஒரு குழுதானே அம்மா? தனியாப் போனாருன்னு சொல்றீங்க, மறுபடியும் ரெண்டு பேரைச் சேர்த்துக்கிட்டாருங்கிறீங்களே?

நல்ல கேள்வி ஐயா. தனிக்குடித்தனம் போன பையன் கல்யாணமே பண்ணக் கூடாதா? (பலத்த சிரிப்பு) தனியே போறதுன்னா ஆள் அரவம் இல்லாத காட்டுக்குப் போறது இல்லை. 'இது என் வீடு, இதுல அடுப்பு எங்கே வைக்கணும்னு நான் முடிவு பண்றேன்'னு சொல்றதுதான் தனியே போறது. விருந்தாளி வரலாம், உறவு வரலாம். அடுப்பு வைக்கிற இடம் அவன் முடிவு.

இப்ப ரெண்டாவது சாட்சி. இவர் நம்ம பக்கத்து ஊர்க்காரர். அரக்கோணத்துப் பிள்ளை, அறிவு.

2017-ல் இயக்குநர் பா.ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து ஒரு இசைக்குழு தொடங்கினாங்க. 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'னு பேரு. அயோத்திதாசப் பண்டிதர் 'சாதியற்ற தமிழர்'னு சொன்னாரே, அந்தச் சொல்லுலேருந்து எடுத்த பேரு. பத்தொன்பது பேர். கானா பாடுறவங்க, பறை அடிக்கிறவங்க, சட்டி வாசிக்கிறவங்க, கிடார்காரங்க, ராப் பாடுறவங்க. 2018 ஜனவரியில சென்னையில முதல் மேடை. கூட்டம் அலைமோதுச்சு. சாவு வீட்டு வாசலோட நிறுத்தி வச்சிருந்த கானாவும் பறையும் நடு மேடைக்கு வந்துச்சு. அந்தப் பத்தொன்பது பேர்ல அறிவு ஒருத்தர். இசைவாணின்னு கானா பாடுற பொண்ணு ஒருத்தி. 2020-ல் பிபிசி நிறுவனம் எடுத்த உலகத்தின் நூறு பெண்கள் பட்டியல்ல இடம் பிடிச்ச பொண்ணு.

அந்தக் குழு பெரிய காரியம் பண்ணுச்சு. அதுல சந்தேகமே இல்லை. குழு இல்லைன்னா அறிவுக்கு அந்த மேடை அவ்வளவு சீக்கிரம் கிடைச்சிருக்குமான்னு கேட்டா, கிடைச்சிருக்காதுன்னே நான் சொல்லுவேன். எதிரணி கைதட்டிக்கலாம். (எதிரணியினர் கைதட்டல், சிரிப்பு) சீக்கிரம் தட்டி முடிங்க, அடுத்தது எங்க முறை!

2019-ல் அந்த அறிவு, ஆஃப்ரோங்கிற இசையமைப்பாளரோட சேர்ந்து 'தெருக்குரல்'னு ஆல்பம் போட்டாரு. பேரைப் பாருங்க. திருக்குறளைத் தெருவுக்குக் கொண்டு வந்து 'தெருக்குரல்' ஆக்கினாரு. 2021 மார்ச்சுல 'எஞ்சாய் எஞ்சாமி' வந்துச்சு. பாடகி தீயும் அவரும் பாடினாங்க, சந்தோஷ் நாராயணன் இசை. அந்தப் பாட்டை அங்கன்வாடிக் குழந்தை பாடுச்சு, ஆட்டோக்காரர் பாடினாரு, எங்க வீட்டுல எங்க மாமியார் பாடினாங்க. அவங்க வாயிலேருந்து நான் கேட்ட முதல் இனிமையான வார்த்தை அதுதான்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

ஆனா அந்தப் பாட்டுக்குள்ள ஒரு கண்ணீர் இருக்கு. அது அறிவோட பாட்டி வள்ளியம்மாள் கதை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல வேலை பார்த்துட்டு ஊர் திரும்பின அம்மா அவங்க. கொஞ்சம் வரலாறு சொல்றேன். நம்ம தென்மாவட்டத்துலேருந்தும் மத்த ஊருங்கள்லேருந்தும் ஜனங்களைக் கூட்டம் கூட்டமா கொண்டு போய் இலங்கை மலையில இறக்கினாங்க. காட்டை அழிச்சு, தேயிலை நட்டு, அட்டை கடிக்கக் கடிக்கக் கொழுந்து பறிச்சாங்க. 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கணும்னு காகிதத்துல எழுதினாங்க. அஞ்சு லட்சத்து இருபத்தஞ்சாயிரம் பேர்! அந்தக் காகிதத்துல ஒருத்தர் பேராவது இருந்துச்சா? வெறும் எண்ணிக்கை. நம்ம கல்யாணப் பத்திரிகையில கடைசியில போடுவோமே, 'மற்றும் பலர்'னு, அந்த மாதிரி!

(அரங்கில் அமைதி)

ஐயா, இந்தத் தலைப்போட உயிரே அந்த ரெண்டு வார்த்தையிலதான் இருக்கு. மற்றும் பலர். தலைமுறை தலைமுறையா 'மற்றும் பலர்' பட்டியல்ல இருந்த குடும்பத்துலேருந்து ஒரு பேரன் வந்து, 'எங்க பாட்டிக்கு ஒரு பேர் இருக்கு, அது வள்ளியம்மாள்'னு உலகத்துக்குச் சொன்னான். அதைச் சொல்றதுக்கு அவனுக்குத் தன் பேர்ல ஒரு மேடை வேண்டாமா? (நீண்ட கைதட்டல்)

அதுக்கு அப்புறம் நடந்ததையும் சொல்லணும். மறைக்கக் கூடாது. 2021 ஆகஸ்டுல ஒரு இசைப் பத்திரிகை இந்தப் பாட்டைப் பாராட்டின இதழோட அட்டையில அறிவு படம் இல்லை. கேள்வி எழுந்துச்சு. பிறகு அவர் படத்தோட இணையப் பதிப்புக்கு ஒரு அட்டை போட்டாங்க. 2022 ஜூலை 28-ந் தேதி, செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. போட்டி மாமல்லபுரத்துல, விழா சென்னை நேரு உள்விளையாட்டு அரங்குல. உலகமே பார்க்குற மேடையில அந்தப் பாட்டு ஒலிக்குது. அறிவு மேடையில இல்லை. அப்போ அவர் பொதுவெளியில எழுதினாரு, இது தன் உழைப்பு, எழுதினதும் மெட்டுக் கட்டினதும் பாடினதும் தான்னு. இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், இது மூணு பேரோட கூட்டு உழைப்புன்னு விளக்கம் சொன்னாரு. தீ, அறிவோட பங்கை எல்லா இடத்துலேயும் சொல்லியே வந்திருக்கேன்னு எழுதினாங்க. யார் சொல்றது சரின்னு தீர்ப்புச் சொல்ல நான் வரலை. மூணு பேருமே திறமைசாலிங்க. தீர்ப்புச் சொல்ல நடுவர் இருக்காரு, அவரும் இந்த வழக்கை எடுக்க மாட்டாரு. (சிரிப்பு)

நடுவர்: எடுக்க மாட்டேன்! எனக்கு வீட்டுல இருக்கிற வழக்கே நிறைய. (சிரிப்பு)

நான் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணுதான். கூட்டா சமைச்ச சாம்பார்ல யார் புளி கரைச்சது, யார் பருப்பு வேக வச்சதுன்னு ஊருக்குத் தெரியாது. குறைச்சல் வந்தா எல்லாரும் கையை விரிப்பாங்க, பாராட்டு வந்தா எல்லாரும் கையை நீட்டுவாங்க. இது யாரோட கெட்ட புத்தியும் இல்லை. கூட்டு வேலையோட குணமே அது. அதே பாட்டைப் பத்தி 2024 மார்ச்சுல சந்தோஷ் நாராயணன், எங்க மூணு பேருக்குமே இதுலேருந்து வருமானம் வரலைன்னு வெளிப்படையாச் சொன்னாரு. வெளியிட்ட நிறுவனம் தன் தரப்பைச் சொல்லுச்சு. பாருங்க, கோடிக்கணக்கான பேர் கேட்ட பாட்டு, கடைசியில சமைச்ச மூணு பேருமே 'எங்க இலையில சோறு விழலை'ங்கிற நிலைமை!

அதே 2024-ல் அறிவு தன் ஆல்பத்தை வெளியிட்டாரு. பேரு என்ன தெரியுமா? 'வள்ளியம்மா பேராண்டி'. 'தி அம்பஸ்ஸா'ன்னு தனக்குன்னு ஒரு இசைக்குழுவும் வச்சுக்கிட்டாரு. தனியே போனவர் யார் பேரைத் தன் நெத்தியில ஒட்டிக்கிட்டு வந்தாரு? பாட்டி பேரை! எதிரணியினரே, இதுவா நன்றிமறதி? இதுக்கு மேல நன்றின்னா பதினோராவது அதிகாரத்தையே நெஞ்சுல பச்சை குத்திக்கிட்டு வரணும்! (பலத்த கைதட்டல்)

எதிரணித் தலைவர் ஒரு நல்ல உதாரணம் சொன்னாரு. அதுக்கு நான் நேர்மையாப் பதில் சொல்லணும். விஸ்வநாதன்–ராமமூர்த்தி. 1965-ல் பிரிஞ்சாங்க. மெல்லிசை மன்னர் எம்.எஸ்.வி. கொடிகட்டிப் பறந்தாரு. டி.கே.ராமமூர்த்திக்கு அந்த அளவுக்குப் படங்கள் அமையலை. 'பிரிஞ்சதால ஒருத்தர் தேஞ்சு போனாரே, அதுக்கு உங்க அணி என்ன பதில் சொல்லும்?'னு கேட்டாரு. கேட்டப்போ எனக்கே நெஞ்சு கனத்துச்சு. உண்மைதான் ஐயா. பிரிவுக்கு விலை உண்டு. சில சமயம் அந்த விலையை ஒருத்தரே முழுசாக் கட்ட வேண்டி வரும். வளர்ச்சின்னா வலி இல்லாததுன்னு நாங்க சொல்லலை. பல் முளைக்கிறப்போ குழந்தைக்கு ஈறு வலிக்கத்தான் செய்யும். ஆனா தலைவர் பாதிக் கதையோட நிறுத்திட்டாரு. முப்பது வருஷம் கழிச்சு, 1995-ல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு ரெண்டு பேரும் மறுபடி ஒண்ணா இசையமைச்சாங்க. பிரிஞ்சவங்க பகையாளின்னா அந்த மேசையில ஒண்ணா உட்கார்ந்திருப்பாங்களா? (கைதட்டல்)

ஹிப்ஹாப் தமிழா ஆதியும் ஜீவாவும் பிரியாம ஒண்ணாவே இருக்காங்களேன்னு இன்னொரு அண்ணன் கேட்டாரு. ரொம்ப சந்தோஷம். நூறு வருஷம் ஒண்ணா இருக்கட்டும். ஒத்துப்போற ஜோடியைப் பிரிக்க நாங்க என்ன டி.வி. சீரியலா எடுக்கிறோம்? (பலத்த சிரிப்பு) பிரிஞ்சே ஆகணும்னு யாரும் சொல்லலை. பிரியறவனைப் பார்த்து 'நன்றி கெட்டவனே'ன்னு சொல்லாதீங்கன்னுதான் சொல்றோம்.

உலகத்தையும் ஒரு நிமிஷம் பார்த்துடலாம். அமெரிக்காவுல 'என்.டபிள்யூ.ஏ.'ன்னு ஒரு ராப் குழு. 1988-ல் அவங்க ஆல்பம் நாட்டையே குலுக்குச்சு. அதுல நிறைய வரிகளை எழுதினவர் ஐஸ் கியூப். தன் உழைப்புக்கு உண்டான பங்கு வரலைன்னு 1989 கடைசியில வெளியே வந்தாரு. 1990-ல் தனி ஆல்பம், பெரிய வெற்றி. அப்புறம் ரெண்டு பக்கமும் பாட்டுலேயே திட்டிக்கிட்டாங்க. நம்ம ஊர்க் குழாயடிச் சண்டை மாதிரி, ஆனா தாளத்தோட! (சிரிப்பு) அதே ஆளு 2016-ல் அந்தக் குழுவுக்குப் பெரிய விருது மண்டபத்துல கௌரவம் கிடைச்சப்போ, பழைய தோழர்களோட ஒரே மேடையில நின்னாரு.

'வூ-டாங் கிளான்'னு இன்னொரு குழு. ஒன்பது பேர். 1993-ல் முதல் ஆல்பம். அவங்க புத்திசாலிங்க. ஒப்பந்தம் போடும்போதே, 'குழுவுக்குத்தான் உங்களோட ஒப்பந்தம், எங்க ஒவ்வொருத்தரும் தனியா வேற கம்பெனிக்கும் பாடுவோம்'னு எழுதி வாங்கிட்டாங்க. தனியா பாடினாங்க, குழுவாவும் பாடினாங்க. சேரும்போதே பிரியற வழியையும் பேசி வச்சா, பிரியறப்போ சட்டை கிழியாது. சொந்த அண்ணன் தம்பி சேர்ந்து கடை வைக்கிறவங்க இதைக் கொஞ்சம் குறிச்சுக்குங்க. (கைதட்டல்)

லாரின் ஹில்னு ஒரு அம்மா. 'ஃபியூஜீஸ்'ங்கிற குழுவுலேருந்து வந்து 1998-ல் தனி ஆல்பம் போட்டாங்க. 1999-ல் அஞ்சு கிராமி விருது. ஆனா அவங்க கூட வேலை பார்த்த நாலு இசைக்கலைஞர்கள், 'எங்க பேரைச் சரியாப் போடலை'ன்னு வழக்குப் போட்டாங்க. 2001-ல் சமரசமாச்சு. இதை ஏன் சொல்றேன்? எங்க அணிக்கு எதிரான சாட்சியை நானே கூப்பிடுறேனேன்னு பார்க்குறீங்களா? நன்றிமறதி எங்கே இருக்குன்னு காட்டத்தான். கதவைத் திறந்துட்டு வெளியே போறதுல அது இல்லை. வெளியே போனவனா இருந்தாலும், உள்ளே இருக்கிறவனா இருந்தாலும், கூட உழைச்சவன் பேரை அழிக்கிறான் பாருங்க, அங்கேதான் நன்றிமறதி இருக்கு! (பலத்த கைதட்டல்)

(மணி ஒலிக்கிறது)

நடுவர்: அம்மா, முதல் மணி அடிச்சாச்சு.

ஐயா, ஒரே ஒரு வீட்டுக் கதை. அதோட முடிச்சுக்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்துல தமிழாசிரியை. இந்த ஊர்லதான் குடியிருக்கோம். எனக்கு ஒரு பையன். தினமும் மின்சார ரயில்ல தாம்பரத்துக்குப் படிக்கப் போவான். அந்த ரயில்லேயே நாலு சிநேகிதங்களோட சேர்ந்து ஒரு ராப் குழு வச்சான். ரயில் தகரத்துல தாளம் தட்டி, பயணிங்ககிட்ட திட்டு வாங்கி வளர்ந்த குழு. அஞ்சு பேரும் எங்க வீட்டுலதான் கிடப்பாங்க. நான் வடிச்ச சோத்துக்குக் கணக்கே இல்லை. அந்த நாலு பேருல ஒருத்தனோட அம்மா எனக்கு உயிர்ச்சிநேகிதி. அவங்க வீட்டுக் கருவேப்பிலைதான் எங்க வீட்டு ரசத்துல மிதக்கும்.

ஒருநாள் என் பையன் வந்து, 'அம்மா, நான் குழுவை விட்டு வந்துட்டேன்'னான். எனக்கு வந்த கோபத்துல என்ன சொன்னேன் தெரியுமா? இன்னைக்கு எதிரணி சொல்றாங்களே, அதே வார்த்தை. 'நன்றி கெட்டவனே!'

(அரங்கில் அமைதி)

அவன் ஒண்ணும் பேசலை. உள்ளே போய் மூணு நோட்டுப் புத்தகத்தை எடுத்துட்டு வந்து என் முன்னாடி வச்சான். தமிழ் டீச்சர் இல்லையா, நான் படிச்சுப் பார்த்தேன். குழு பாடின பாட்டு அத்தனையும் அவன் கையெழுத்து. அடிச்சு அடிச்சுத் திருத்தி எழுதியிருக்கான். அப்புறம் ஒரு கல்லூரி விழா நோட்டீசை எடுத்து வச்சான். குழுப் பேரு பெரிசா இருக்கு. அதுக்குக் கீழே மூணு பேர் பேரு இருக்கு. அதுக்குக் கீழே 'மற்றும் பலர்'னு போட்டிருக்கு. 'அம்மா, அந்த மற்றும் பலர்ல நான் இருக்கேன்'னான்.

முப்பது வருஷமா தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன் ஐயா. 'மற்றும்' இடைச்சொல், 'பலர்' பலர்பால்னு இலக்கணம் நடத்தியிருக்கேன். அந்த ரெண்டு வார்த்தைக்குள்ள ஒரு பிள்ளையோட மூணு நோட்டுப் புத்தகம் மூச்சு முட்டிக் கிடக்கும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. (நீண்ட கைதட்டல்)

அந்தச் சிநேகிதி என்கூடப் பேச்சை நிறுத்திட்டாங்க. காய்கறிக் கடையில பார்த்தா, கத்திரிக்காயைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்குவாங்க. எட்டு மாசம் எங்க வீட்டு ரசத்துல கடைக் கருவேப்பிலைதான். அப்புறம் போன பொங்கலுக்கு எங்க தெருவுல ஒரு சின்ன மேடை போட்டாங்க. என் பையன் முதல் தடவையா தனியா ஏறினான். கை நடுங்குது. எனக்குத் தெரியும், அம்மா இல்லையா. முதல் பாட்டுல மூணாவது வரியில தாளம் தப்பிடுச்சு. கூட்டம் சலசலங்குது. அப்போ முன்வரிசையிலேருந்து 'டக் டக் டக்'னு சத்தம். பார்த்தா, அந்த நாலு பசங்க! பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டுத் தாளம் தட்டிக் கொடுக்குறாங்க. என் பையன் தாளத்தைப் பிடிச்சுக்கிட்டான். பாட்டு முடிஞ்சதும் மைக்குல நாலு பேர் பேரையும் ஒவ்வொண்ணாச் சொன்னான். 'மற்றும் பலர்'னு சொல்லலை! (பலத்த கைதட்டல்)

மறுநாள் காலையில வாசல்ல ஒரு கட்டுக் கருவேப்பிலை இருந்துச்சு. (கைதட்டல், சிரிப்பு)

நடுவர் ஐயா, இந்தக் கூட்டத்துல பாதிப் பேர் மின்சார ரயில்ல வந்திருப்பாங்க. தாம்பரத்துல ஒண்ணா ஏறுறோம். பெருங்களத்தூர்ல ஒருத்தர் இறங்குறாரு. ஊரப்பாக்கத்துல ஒருத்தர், கூடுவாஞ்சேரியில ஒருத்தர், பொத்தேரியில படிக்கிற பிள்ளைங்க, நாம இங்கே மறைமலை நகர்ல. இறங்கிப் போறவரைப் பார்த்து, 'ஏன்யா, செங்கல்பட்டு வரைக்கும் கூட வராம இறங்குறியே, நன்றி கெட்டவனே'ன்னு யாராவது கேட்டதுண்டா? (சிரிப்பு) 'பை மறந்துடாதீங்க, பார்த்து இறங்குங்க'ன்னுதானே சொல்றோம்! அவரவர் ஊர் வந்தா அவரவர் இறங்கணும். இறங்காம உட்கார்ந்திருந்தா ரயில் அவரை வேற ஊர்லதான் கொண்டு போய் விடும்.

குழுவுல ஏத்திவிட்ட கைக்கு நன்றி. இறங்க வேண்டிய இடத்துல இறங்கின காலுக்கு வாழ்த்து. ஆகவே, குழுவை விட்டு ஒரு கலைஞன் தனியே பிரிவது வளர்ச்சியே, வளர்ச்சியே என்று நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் எனக் கேட்டு, மைக் தம்பிக்கு மறுபடியும் ஒரு நன்றி சொல்லி அமர்கிறேன். 

(நீண்ட கைதட்டல்)